நாற்பத்தோராவது லேயர்

உப்புவெளி ஹோட்டலுக்குப் பன்னிரண்டு பூ.
ஆறடிக்கு நாலடி, கன்வஸ்.
"புராணக் கதை உள்ள பூவாப் பாருங்கோ தங்கச்சி,
கீழே நாலு வரி கவிதையும் இருந்தா
வெள்ளைக்காரர் நின்று படம் எடுப்பினம்."
பாதிக் காசு முற்பணம்.

கொன்றைக்கு மஞ்சளை மட்டும் பதினேழு தரம் மாற்றினேன்.
பாரிஜாதத்தின் காம்புச் சிவப்பு
அச்சில் எப்படியும் மங்கிவிடும் என்று
கொஞ்சம் கூட்டியே வைத்தேன்.
எருக்கு, வில்வம், நீலோற்பலம்:
திரையில் ஒவ்வொன்றாய்ப் பூத்தன.
எறும்பு வரவில்லை. வாடவில்லை.
மின்வெட்டில் மட்டும்
எல்லாம் ஒரே நொடியில் உதிர்ந்தன.

பன்னிரண்டாவதாய்த் தாழை.

அதற்காகச் சாம்பல்தீவுப் பாலம்வரை ஸ்கூட்டியில் போனேன்.
சேற்றில் செருப்பை விட்டுவிட்டு
இலையைத் திருப்பிப் பார்த்தேன்.
ஓரம் இரண்டிலும் முள்,
நடு நரம்பின் அடியிலும் ஒரு வரிசை.
அந்த மூன்றாவது வரிசையைப் படங்களில் நான் கண்டதில்லை.
விரல்தான் முதலில் கண்டது.

தீத்தூணின் உச்சியிலிருந்து
யுகம் யுகமாய் விழுந்துகொண்டிருந்தவள்.
நடுவழியில் மறித்தான் நான்முகன்.
"முடியைக் கண்டேன் என்று சொல்லப்போகிறேன்.
நீயும் பார்த்ததாய்ச் சொல்."
விழுகிறவள், கிடைத்ததைப் பிடித்தாள்.
சொன்னாள்.
இன்றுவரை பூசைத் தட்டில் இடமில்லை.

பாட்டுக்காரர்கள் அவளை விசாரிக்கவே இல்லை.
மீன் நாறும் கரையில் மணப்பவள் என்றார்கள்.
கடலுக்குப் போனவன் திரும்பாத இரவில்
விழித்திருக்கிறவளுக்குத் துணை என்றார்கள்.
அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார்கள்.

நான் இந்த ஊரில் வளர்ந்தவள்.
பொய்ச்சாட்சி சொன்ன ஒருவர் தலையிலும்
சாபம் விழுந்து பார்த்ததில்லை.
மெய்ச்சாட்சி சொன்னவர்களின் வீடுகளைக் கேட்டால் காட்டுவேன்.
சிலவற்றில் இப்போது வேறு ஆட்கள்.

நிழலுக்கு ஆறு லேயர், முள்ளுக்கு மூன்று,
மடலின் வெளிறலுக்கு மட்டும் பதினொன்று.
கடைசியில் ஒன்றைத் திறந்து
'மணம்' என்று பெயரிட்டேன்.
நாற்பத்தோராவது.
பேனாவைக் கிட்டக் கொண்டுபோய்
எடுத்துவிட்டேன். அதில் ஒன்றுமில்லை.

மனேஜர் கோணேஸ்வரன் ஃபோனில் சிரித்தார்.
"தாழம்பூவோ? சாமிக்கே வைக்கிறதில்லையே தங்கச்சி.
ஹனிமூன் அறை அது.
தாமரையாப் போட்டுத் தாங்கோ."

போட்டேன்.
தாமரை எனக்குக் கண்ணை மூடினாலும் வரும்.
தாழையை அழிக்கவில்லை.
மூன்று வீத அடர்த்தியில்
இதழ்களுக்குக் கீழே படுக்க வைத்தேன்.
கவிதை கேட்ட இடத்தில் எழுதினேன்:
'கேட்டவன் கடவுள்.
விழுந்துகொண்டிருந்தவள் நான்.
என்ன சொல்லியிருப்பாய் நீ?'
"நல்லா இருக்கு, தாமரைக்குப் பொருந்துது" என்று
கட்டைவிரல் அனுப்பினார்.

ஏகாம்பரம் வீதியில் இம்தியாஸின் அச்சுக்கடை.
கன்வஸ் வெளியே வர வர
அவன் தலையைச் சரித்தான்.
"அடியில என்னமோ கீறல் மாதிரித் தெரியுது.
ஹெட் கிளீன் பண்ணட்டா?"
"வேணாம். அது முள்ளு."
அவன் என்னைப் பார்த்தான், கன்வஸைப் பார்த்தான்,
பில்லில் நூறு ரூபாய் குறைத்தான்.

வாசலில் சாய்த்துவிட்டு ஆட்டோவுக்கு நின்றேன்.
கோட்டைப் பக்கத்து மான்களில் ஒன்று,
ஒரு கொம்பு உடைந்தது,
கடைகடையாய் முகர்ந்துகொண்டு வந்தது.
கொன்றையைக் கடந்தது. வில்வத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.
தாமரையின் முன்னால் நின்று
மூக்கை அழுத்தி
நெடுநேரம் இழுத்தது.
பிறகு ஒரு தும்மல்.
அடுத்த கடை வாசலில் கிடந்த வாழைப்பழத் தோலுக்குப் போய்விட்டது.

கீழ்மூலையில், 'நீ' என்ற எழுத்தின் மேல்
ஈரமாய் ஒரு வட்டம்.
இம்தியாஸ் துணியோடு வந்தான்.
விடு என்றேன், காயட்டும்.
நாலு மணிக்குள் உப்புவெளியில் இறக்க வேண்டும்.